மாணவர் மன்றம் யாருடையது?

(மில் தொழிலாளர் குடியிருப்பில் புதிதாக அமைந்துள்ள மாணவர் மன்றத்தின் மூன்றாம் மாதக் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



முதல் ஷிப்ட் முடிந்து முகத்தைக் கழுவிய கையோடு வந்திருக்கிறீர்கள். அக்கரையிலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர்கள் நடவு முடிந்து சேற்றுக் காலோடு வந்திருக்கிறீர்கள். பேச்சை நீட்டி உங்களைச் சோதிக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் சில விஷயங்களைப் பாதியில் நிறுத்தவும் முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மன்றம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் 9 பேர். இன்று நோட்டுப் புத்தகத்தில் 31 பெயர் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தருகிறார்கள். சார்ட் காகிதத்தில் சுவர்ப் பத்திரிகை எழுதி ஒட்டுகிறார்கள். மழையில் நனைந்தால் மறுபடி எழுதுகிறார்கள். இலவச பஸ் பாஸ் கைக்கு வராமல் தாமதமானபோது 20 பேர் சேர்ந்து டெப்போவுக்குப் போய் மனுக் கொடுத்து வந்தார்கள். பெரியவர்கள் யாரும் கூடப் போகவில்லை. பாஸ் வந்தது. இவ்வளவையும் எங்களைக் கேட்காமலேயே செய்தார்கள்.

எங்களைக் கேட்காமலேயே செய்தார்கள் என்பதில்தான் நம் தோழர்கள் சிலருக்கு மனக்குறை. "இது நம் பிள்ளைகளின் மன்றம்தானே, கொடி எப்போது ஏற்றுவது? காரியதரிசியை நாமே போட்டுவிட்டால் நல்லதல்லவா?" என்று கேட்கிறார்கள். தாய்மார்கள் வேறொன்று கேட்கிறார்கள்: "மன்றம் மன்றம் என்று அலைந்தால் படிப்பு கெட்டுப் போகாதா?" மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்கும் வருவோம்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், இதே போன்ற மில் லைனில், ஏழு பையன்கள் சேர்ந்து ஒரு மன்றம் ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். நன்றாக நடந்தது. நாங்கள் சும்மா இருந்தோமா? திண்ணையில் ஏன் உட்காருகிறீர்கள், நம் ஆபீசுக்கு வாருங்கள் என்று அழைத்தோம். எங்கள் கூட்டம் முடிந்து அவர்களுக்கு இடம் கிடைக்க இரவு எட்டு மணி ஆயிற்று. எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? நன்றாகப் பேசும் பையனைக் காரியதரிசி ஆக்கினோம். மற்ற ஆறு பேரையும் கேட்கவில்லை. தேர்தல் வந்தது. சுவரொட்டி ஒட்ட ஆள் வேண்டும், பசை வாளி தூக்க ஆள் வேண்டும், பையன்களை அனுப்பினோம். சனிக்கிழமைப் புத்தகம் நின்றது. அதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை. மாவட்ட மகாநாட்டு அறிக்கையில் "மாணவர் மன்றம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதினோம். அந்த வரியை எழுதிய நாளில் அங்கே மன்றம் இல்லை. இரண்டு பெஞ்சும் ஒரு போர்டும்தான் இருந்தன.

அந்தப் பையன்கள் கெட்டுப் போகவில்லை. ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவரைச் சில காலத்துக்கு முன் பஸ்ஸில் பார்த்தோம். மரியாதையாகப் பேசினார். மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

ஆகவே, கொடி ஏற்றலாமா என்று கேட்கிற தோழர்களே, நாங்கள் ஒரு முறை ஏற்றிப் பார்த்தவர்கள்.

சென்ற வாரம் மன்றத்துப் பிள்ளைகள் எங்களிடம் வந்து, "நாலைந்து பேர் ஆரம்பித்த மாணவர் மன்றம் பெரிதாக வளர்ந்தது எங்காவது உண்டா? எப்படி வளர்ந்தது என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள், ஆனாலும் கட்சி வகுப்பிலும் புத்தகத்திலுமாகச் சிலவற்றைக் கற்றிருக்கிறோம். அதிலிருந்து ஒன்றைச் சொல்கிறோம். அது அமெரிக்காவில் நடந்தது. அமெரிக்க சர்க்காரைப் பற்றி நம் கருத்து உங்களுக்குத் தெரியும். அந்நாட்டு ஜனங்கள் வேறு. இந்தக் கதையை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது கடைசியில் விளங்கும்.

நான்கு ஸ்டூல்கள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு அப்போது எல்லாம் தனி. தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய், பஸ்ஸில் பின் ஸீட்டு. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஓர் ஊர். அங்கே ஊல்வொர்த் கம்பெனியின் பெரிய கடை. சோப்பு, சீப்பு, நோட்டு எல்லாம் கறுப்பர்கள் வாங்கலாம், காசு வாங்கிக்கொள்வார்கள். அதே கடைக்குள் காபியும் பலகாரமும் கொடுக்கும் ஒரு நீண்ட கவுண்டர் இருந்தது. அதன் முன் போட்ட ஸ்டூலில் மட்டும் கறுப்பர்கள் உட்காரக் கூடாது.

அவ்வூர்க் கல்லூரியில் முதலாண்டு படித்த நான்கு கறுப்பின மாணவர்கள் இரவு தோறும் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து இந்த அநியாயத்தைப் பற்றிப் பேசினார்கள். ஜோசப் மெக்நீல், பிராங்க்ளின் மெக்கெய்ன், எஸல் பிளேர், டேவிட் ரிச்மண்ட் என்பவர்கள் அவர்கள். 1960 பிப்ரவரி 1ந் தேதி கடைக்குப் போனார்கள். முதலில் சில்லறைச் சாமான் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. "அந்தக் கவுண்டரில் எங்கள் காசு செல்லும்போது இந்தக் கவுண்டரில் ஏன் செல்லாது?" என்பதுதான் அவர்கள் வாதம். கடை மூடும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் இருபதுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கில் ஆயிற்று. வெள்ளைக்கார மாணவிகள் சிலரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வகுப்புக்குப் போகிறவர் எழுந்தால் வகுப்பு முடிந்தவர் உட்காருவார். புத்தகத்தை எடுத்துவந்து அங்கேயே படித்தார்கள். தாய்மார்களே, படிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, இதைக் கவனியுங்கள். சில வாரங்களில் தென் மாநிலங்களெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் இதுவே நடந்தது.

பிறகு கோடை விடுமுறை வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் தத்தம் ஊருக்குப் போய்விட்டார்கள். "விடுமுறையோடு இது ஒழிந்தது" என்று முதலாளி நினைத்திருப்பான். ஆனால் அவ்வூர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைக்கு ஏறக்குறைய 2 லட்சம் டாலர் வியாபாரம் நட்டம். ஜூலை 25ந் தேதி கம்பெனி பணிந்தது.

அன்று அந்தக் கவுண்டரில் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பர்கள் யார் தெரியுமா? அந்த நான்கு மாணவர்கள் அல்ல. அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் நால்வர். எத்தனையோ ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சமைத்துத் தட்டு வைத்தவர்கள், சீருடையைக் கழற்றிவிட்டு நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்தார்கள்.

நம் மன்றத்தின் தலைவர் தம்பி இங்கே உட்கார்ந்திருக்கிறார். கோபித்துக்கொள்ளக் கூடாது. தம்பி நன்றாகப் பேசுகிறார், ஓடியாடி உழைக்கிறார். நோட்டுப் புத்தகம் அவரிடம், கணக்கு அவரிடம், சுவர்ப் பத்திரிகையில் முதல் கட்டுரை அவருடையது, டெப்போவில் பேசியதும் அவரே. தம்பிக்கு இது கடைசி வருடம். அடுத்த ஆனியில் வேலை தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். அன்றைக்கு இந்த நோட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கும்? கிரீன்ஸ்பரோவில் விடுமுறைக்குப் போகும்போது பள்ளிப் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். நம்மிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்கிறார்கள்; மூன்று மாதத்தில் அவர்களில் ஒருவர்கூடக் கூட்டத்தில் வாய் திறந்ததாக நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த வாரமே நோட்டை அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். எழுத்துப் பிழை வரட்டும், பரவாயில்லை.

பெரியவர்களின் கை

இப்போது கொடிக் கேள்விக்கு வருவோம். ஐம்பது நகரங்களில் தனித்தனியாகப் போராடிய மாணவர்களை ஒன்றாகக் கூட்டியவர் எல்லா பேக்கர் என்ற அம்மையார். அப்போது அவருக்கு 56 வயது. பாட்டி அடிமையாகப் பிறந்தவர். இருபதாண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய் சங்கம் கட்டியவர். மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இருந்த பாதிரிமார் ஸ்தாபனத்தின் ஆபீசை அவர்தான் நடத்திவந்தார். அந்த ஸ்தாபனத்திலிருந்து 800 டாலர் வாங்கி, 1960 ஏப்ரல் மத்தியில் ராலே நகரத்தில், தாம் படித்த ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர் மகாநாட்டைக் கூட்டினார்.

பெரிய ஸ்தாபனங்கள் எல்லாம் வந்தன. மாணவர்கள் தங்கள் கிளையாக, தங்கள் இளைஞர் பிரிவாகச் சேர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பணம் கொடுத்ததும் அவர்கள்தானே! பேக்கர் அம்மையார் அந்த ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்குகிறவர். ஆயினும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் தங்கள் காரியத்தைத் தாங்களே தீர்மானிக்கட்டும் என்றார். மாணவர்களும் எந்தக் கிளையிலும் சேராமல் தங்களுக்கென்று ஒரு கமிட்டி அமைத்துக்கொண்டார்கள். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் கமிட்டி என்பது அதன் பெயர். சுருக்கமாக ஸ்னிக் என்பார்கள். முதலில் "தற்காலிகக் கமிட்டி" என்றே பெயர் வைத்தார்கள். அரை ஆண்டு வேலை செய்து பார்த்த பிறகுதான் நிரந்தரமாக்கினார்கள். நாமோ முதல் வேலையாக ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறோம்.

பேக்கர் அம்மையார் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாரா என்றால், அதுவும் இல்லை. தம் ஸ்தாபனத்தின் ஆபீசில் ஒரு மூலையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு கேள்வி கேட்பார். 1961 ஆகஸ்டில் கமிட்டி பிளந்துபோகும் நிலை வந்தது. ஒரு சாரார் மறியல்தான் முக்கியம் என்றார்கள். இன்னொரு சாரார் ஓட்டர் பதிவுதான் முக்கியம் என்றார்கள். அப்போது அவர் தலையிட்டு, ஒரே கமிட்டிக்குள் இரண்டு பகுதியாக இரண்டையும் செய்யலாமே என்றார். பிளவு நின்றது. ஒவ்வொரு சிறு சண்டைக்கும் போய்ப் பஞ்சாயத்துப் பண்ணுகிற நம் போன்றவர்களுக்கு, எப்போது வாய் திறக்க வேண்டும் என்பது இன்னும் பழகவில்லை.

கமிட்டிக்குப் பின்னர் காரியதரிசியாக வந்த ஜேம்ஸ் போர்மன் ஆபீசைத் தாமே பெருக்குவார். களத்தில் வேலை செய்த ஊழியர்களுக்கு வாரம் 10 டாலர் சம்பளம். பிடித்தம் போக 9 டாலர் 64 சென்ட் கையில் வரும். அதுவும் பல வாரம் வராது. எப்படிச் சாப்பிட்டார்கள்? இங்கேதான் விவசாயத் தொழிலாளர்களாகிய உங்கள் கதை வருகிறது.

பருத்திக் காட்டிலிருந்து

மிஸிஸிப்பி என்பது பருத்தி விளையும் மாநிலம். பருத்தி என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் பஞ்சு உங்கள் நெஞ்சில் இருக்கிறது. கறுப்பினக் குடியானவர்கள் பண்ணையார் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதைக் கடன், கடைக் கடன், எல்லாம் பண்ணையார் கணக்கில் கழிந்து, ஆண்டு முடிவில் மிஞ்சுவது மறுபடியும் கடன். ஓட்டுப் பதியப் போனால், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா தப்பா என்பது அதிகாரியின் இஷ்டம்.

அங்கே போன மாணவ ஊழியர் பாப் மோஸஸ், நியூயார்க்கில் கணக்கு வாத்தியார். 1960 கோடையில் ஆம்ஸி மூர் என்ற தபாலாபீஸ் தொழிலாளியைச் சந்தித்தார். நகரத்து மாணவர்களுக்குக் காபி கவுண்டர்தான் பிரச்னை. மூர் சொன்னார்: எங்கள் ஜனங்களுக்கு முதலில் வேண்டியது ஓட்டு. படித்த வாத்தியார் தபாலாபீஸ் தொழிலாளி சொன்னதை ஏற்றுக்கொண்டார். கமிட்டியின் பாதையே அங்கே திரும்பிற்று. 1961ல் மெக்கோம் நகரத்தில் வேலை ஆரம்பித்தபோது இடம் தேடிக் கொடுத்து ஊராரிடம் அறிமுகம் செய்தவர் சி.சி. பிரயண்ட் என்ற ரயில்வேத் தொழிலாளி.

அந்த வேலைக்கு விலை சாதாரணமல்ல. 1961 செப்டம்பர் 25ந் தேதி, மோஸஸுக்குத் துணை நின்ற ஹெர்பர்ட் லீ என்ற விவசாயியை, மாநிலச் சட்டசபை உறுப்பினன் ஒருவன் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றான். வழக்கு நிற்கவில்லை. அந்நாட்களில் மறியல் செய்து சிறை சென்ற பிரெண்டா டிராவிஸ் என்ற பள்ளிச் சிறுமியைப் பள்ளிக்கூடம் திரும்பச் சேர்க்க மறுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க மறுத்தவர்களுக்கு வெளியே கதவு காட்டப்பட்டது.

தாய்மார்களே, அப்போது கமிட்டி என்ன செய்தது? "போராட்டத்தில் நாலு பேருக்குப் படிப்புப் போவது சகஜம்" என்று சொல்லவில்லை. அவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. மோஸஸ் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மற்ற ஊழியர்கள் பௌதிகமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு கல்லூரி அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்காத மன்றத்துக்கு அந்தப் பிள்ளையைக் கேட்க உரிமை இல்லை. நம் மன்றத்திலும் சொல்கிறோம்: எந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு நிற்கிறதோ, அன்றைக்கு வேறு எதுவும் நடக்க வேண்டாம். பரீட்சை மாதத்தில் ஊர்வலமும் வேண்டாம், விழாவும் வேண்டாம்.

இனி ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இந்தக் கதையை முடிக்கிறோம். பேனி லூ ஹேமர் என்ற அம்மாள். பெற்றோருக்கு இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடம் சில வருஷம்தான். 44 வயது வரை பண்ணையில் உழைத்தார். கூலி நேரம் குறிக்கும் வேலையும் பார்த்தார். 1962 ஆகஸ்டில் அவர் ஊர்க் கோயிலில் இந்த ஊழியர்கள் நடத்திய கூட்டத்துக்குப் போனார். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் 31ந் தேதி 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் மாவட்டத் தலைநகர் போய்ப் பதியக் கேட்டார்கள். பரீட்சையில் தள்ளிவிட்டார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. என்ன குற்றம்? பஸ்ஸின் மஞ்சள் நிறம் பள்ளிக்கூட பஸ்ஸைப் போல இருக்கிறதாம்! எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது ஹேமர் அம்மாள் பாட ஆரம்பித்தார். பாட்டுக் கேட்டு மற்றவர்கள் தைரியம் கொண்டார்கள். காசு சேர்த்து அபராதத்தைக் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள். அன்றிரவே பண்ணையார் அவரை வெளியேற்றினான். பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணை.

ஸ்னிக் கமிட்டி அவரைத் தேடிப் போயிற்று. கல்லூரி மாணவர்களின் கமிட்டி, பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு பண்ணைத் தொழிலாளிப் பெண்ணைத் தன் ஊழியராக ஆக்கிக்கொண்டது. 1963 ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்த அடியின் ஊனம் கடைசி வரை இருந்தது. 1964ல் ஜனநாயகக் கட்சி மகாநாட்டில் அவர் அளித்த வாக்குமூலத்தை அமெரிக்கா முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது. 1965ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிஸிஸிப்பியில் 100 கறுப்பர்களில் 7 பேர்கூடப் பதிந்திருக்கவில்லை. 1967ல் ஏறக்குறைய 60 பேர் பதிந்திருந்தார்கள்.

இந்தக் காலம் முழுதும் மாணவ ஊழியர்களுக்குச் சோறு போட்டதும், இரவில் துப்பாக்கியோடு விழித்திருந்து காவல் காத்ததும் அந்தக் குடியானவர்கள்தாம். தங்க இடம் கொடுத்த வீடுகளின் மீது குண்டு பாய்ந்தது. மறுநாளும் இடம் கொடுத்தார்கள்.

குறையில்லாத ஸ்தாபனமா அது? இல்லை. 1964 கோடையில் வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் உதவிக்கு வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தாம். மூன்று இளைஞர்கள் அந்த ஜூனில் கொலையுண்டார்கள், அவர்களில் இருவர் வெள்ளையர்கள். ஆனால் டைப் அடிப்பதும் அறிக்கை எழுதுவதும் சீக்கிரம் செய்யக்கூடியவர்கள் வந்ததும், மெதுவாக எழுதக் கற்றுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிள்ளைகள் பின்னுக்கு நகர்ந்துவிட்டார்கள். இந்தப் புண் ஆறவில்லை. பிற்காலத்தில் வேறு சண்டைகளும் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் கமிட்டியே மறைந்தது. எண்ணிக்கை ஏறுகிறது என்று நாம் மகிழும்போது யார் மௌனமாகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 31 பெயரில் 12 பெயர் அக்கரைப் பிள்ளைகள். போன மாதம் பேசியவர்களில் அக்கரைப் பிள்ளை யார்? நாங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஒருவரும் இல்லை.

கேட்காத கேள்வி

மூன்றாவது கேள்வி என்றோமே, அதற்கு வருகிறோம். மூன்று வாரத்துக்கு முன் மழை. திண்ணையில் உட்கார முடியாமல் மன்றக் கூட்டம் மில் லைனில் ஒரு வீட்டில் நடந்தது. நம் சங்க அங்கத்தினர் வீடு. எத்தனையோ வேலைநிறுத்தத்தில் நம்மோடு நின்றவர் வீடு. பிள்ளைகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள், மனமுவந்துதான் கொடுத்தார்கள். லைன் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர். அக்கரைப் பிள்ளைகளுக்குப் பேப்பர் கப்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்கரைப் பிள்ளைகள் குடித்தார்கள், பழகிப்போனவர்கள் அல்லவா. அப்போது லைனைச் சேர்ந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் கப்பில் கொடுங்கள் அத்தை" என்றாள். அடுத்தவனும் டம்ளரை வைத்தான். அவ்வளவுதான். சண்டை இல்லை, கோஷம் இல்லை. கணக்கு வகுப்பு தொடர்ந்து நடந்தது.

இது எங்கள் காதுக்கு வந்தபோது முதலில் என்ன நினைத்தோம் தெரியுமா? "சின்ன விஷயம், பெரிதாக்கினால் சங்கத்துக்குள் மனத்தாங்கல் வரும்" என்று நினைத்தோம். இருபது வருஷம் ஐக்கியத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஒரு டம்ளரைப் பார்த்துத் தயங்கினோம். அந்தப் பெண் தயங்கவில்லை. அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கிரீன்ஸ்பரோ என்ற பெயரையும் அவள் இன்றைக்குத்தான் கேட்டிருப்பாள். நாங்கள் காரியதரிசியைப் போட்டு, எங்கள் ஆபீசில் கூட்டி, எங்கள் நிகழ்ச்சி நிரலின்படி இந்த மன்றத்தை நடத்தியிருந்தால் அந்த டம்ளர் கீழே வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம்.

அந்த வீட்டுத் தோழரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரை நாலு பேர் முன் நிறுத்துவது எங்கள் நோக்கமல்ல. அவர் வீட்டில் நடந்தது வெளியே தெரிந்தது. நம்மில் எத்தனை வீட்டில் தெரியாமல் நடக்கிறது? அவரோடு தனியாகப் பேசினோம். இரண்டு நாள் எங்களிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஷிப்ட் விட்டதும் தாமாக வந்து, "அடுத்த கூட்டம் எங்கே தோழர்?" என்று கேட்டார்.

மன்றத்துப் பிள்ளைகள் அதைத் தீர்மானித்துவிட்டார்கள். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, அக்கரையில், அங்கன்வாடி முன்னால். பாலம் வரை விளக்கு இருக்கிறது, அதற்கப்பால் இல்லை. ஆகவே ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும், பெண் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வரப் பெரியவர்கள் இருவர் வேண்டும். காபி அக்கரைத் தாய்மார்கள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; சர்க்கரையும் காபித் தூளும் சங்கத்தின் பொறுப்பு. எங்களுக்குக் கொடுத்த வேலை ஆபீசில் இருக்கும் இரண்டு பாயைக் கொண்டுவந்து விரிப்பது. அதற்கு மேல் பேச்சு எதுவும் கேட்கவில்லை. பெயர் கொடுக்க விரும்புகிற பெரியவர்கள் நோட்டு வைத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையிடம்... தம்பி, இன்றைக்கே கொடுத்துவிட்டீர்களா? நல்லது. அந்தத் தங்கையிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.